பழைய லெதர் ஜாக்கெட்: வயதைக் கண்டறிந்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய லெதர் ஜாக்கெட் விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. தனக்கு விற்றவர் சொன்னதைத்தான் அவர் நம்மிடம் சொல்கிறார். இப்படிக் கைமாறிக் கைமாறி வரும்போது கறுப்பு ஜாக்கெட் எல்லாம் ஐம்பதுகளுக்குப் போய்விடுகிறது, பழுப்பு ஜாக்கெட் எல்லாம் இரண்டாம் உலகப் போர் விமானியுடையதாகிவிடுகிறது.

வயதைக் கணிக்க நான் நம்புவது ஒரே ஒரு விதி. ஜாக்கெட்டில் இருக்கும் உறுப்புகளில் எது ஆகப் பிந்திய காலத்ததோ, அந்தக் காலத்துக்கு முன்னால் அந்த ஜாக்கெட் தைக்கப்பட்டிருக்க முடியாது. ஜிப், நூல், லைனிங், பட்டன், லேபிளில் அச்சான முகவரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. எல்லாம் ஒரே காலத்தைக் காட்டினால் நிம்மதி. ஒன்று மட்டும் விலகி நின்றால், அது தைத்தபோதே வந்ததா, பிறகு மாற்றியதா என்று பார்க்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

இங்கே பெரும்பாலும் 1930 முதல் 1980 வரையிலான அமெரிக்க ஜாக்கெட்டுகளையே எடுத்துக்கொள்கிறேன். சந்தையில் அதிகம் கிடைப்பவை அவை. அமெரிக்கச் சட்டங்களும் ராணுவ ஒப்பந்தங்களும் தேதி கண்டுபிடிக்க உதவும் தடயங்களை லேபிளிலேயே விட்டுச் சென்றிருக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது

ஒரு பூதக்கண்ணாடி, தையல்காரர் டேப், சின்ன டார்ச், ஒரு யூ.வி. டார்ச், நோட்டுப் புத்தகம். இவ்வளவு போதும். ஜாக்கெட்டை மேசையில் விரித்து, துடைப்பதற்கும் எண்ணெய் போடுவதற்கும் முன்பே படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், காலரின் அடிப்பக்கம், எல்லா லேபிள்களும், ஒவ்வொரு ஜிப்பின் ரன்னரும் (மேலும் கீழும் ஓடி ஜிப்பைத் திறந்து மூடும் உலோகத் துண்டு), ஜிப் முடியும் அடிப்பெட்டியும். பாக்கெட்டுகளின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய பயணச்சீட்டோ சலவைக் கடைத் துண்டோ கிடைக்கலாம். கிடைத்தால் எறியாதீர்கள், அதுவும் ஆவணம்.

பிறகு அளவு. ஜாக்கெட்டை மூடித் தட்டையாக வைத்து ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கை நீளம், காலருக்குக் கீழிருந்து அடி விளிம்பு வரை முதுகு நீளம். லேபிளில் 40 என்று இருப்பதை வைத்து இன்றைய 40 அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழைய ஜாக்கெட்டுகள் இடுப்போடு நிற்கும், அக்குள் உயரமாக இருக்கும், உடம்பை ஒட்டி வெட்டியிருப்பார்கள்.

ஜிப்பைப் படிப்பது

தொடக்கக்காரர்களுக்கு ஜிப்தான் நல்ல ஆசான். பெயர் பெரும்பாலும் ரன்னரிலேயே பொறித்திருக்கும்.

இன்றைய ஜிப்பின் மூல வடிவத்தை உருவாக்கியவர் கிடியான் சுண்ட்பேக். 1917-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் வேலை செய்த ஹுக்லெஸ் ஃபாஸ்டனர் நிறுவனம் பென்சில்வேனியாவின் மெட்வில் ஊரில் இருந்தது. அதன் வணிகப் பெயர் டாலன். 1937-ல் நிறுவனமே டாலன் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆகவே ரன்னரில் ஹுக்லெஸ் என்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் 1930-களோ அதற்கு முந்தியோ. டாலன் என்று மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் ஓடியது. வடிவத்தைப் பாருங்கள். ஜிப்பின் இழுப்பானில் சின்ன உலோகமணிச் சங்கிலி தொங்குவது, ரன்னர் மணி வடிவில் இருப்பது, அடிப்பகுதியில் துணிப் பட்டையைத் துளைத்து உலோக வளையம் அடித்திருப்பது இவையெல்லாம் 1930-கள், 40-களின் அடையாளங்கள்.

கிரௌன், கான்மார், ஸ்கோவில், சர்வல் ஆகியவையும் அமெரிக்க ஜாக்கெட்டுகளில் அடிக்கடி வருபவை. பிரிட்டிஷ் ஜாக்கெட்டில் லைட்னிங் என்ற பெயரும் ஏரோ என்ற பெயரும் வரும். பிரெஞ்சு ஜாக்கெட்டில் எக்லேர். ஓப்டி என்றால் ஜெர்மன் ஜிப், ரிரி என்றால் சுவிஸ் ஜிப். ஜிப்பின் நாடும் ஜாக்கெட்டின் நாடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே ஒரு நல்ல சோதனை.

ஒய்.கே.கே. ஜப்பானிய நிறுவனம். 1934-ல் தடாவோ யோஷிதா தொடங்கியது. அமெரிக்காவில் 1960-ல் கால் பதித்து, 1974-ல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் தொழிற்சாலை திறந்தது. ஆகவே அமெரிக்காவில் தைத்த ஜாக்கெட்டில் ஒய்.கே.கே. ஜிப் தைத்தபோதே வந்தது என்று உறுதியானால், அதை ஐம்பதுகள் என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பல் இல்லாமல் சுருள் கம்பி போன்ற நைலான் ஜிப் இருந்தாலும் அப்படித்தான்.

ஜிப் மாற்றியதா என்று எப்படித் தெரியும்? துணியில் தையலைப் பிரித்தால் ஓட்டை தானே மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. ஊசி குத்திய இடம் குத்தியபடியே நிற்கும். ஜிப் ஓரத்துத் தையலைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நூல் ஓடும் துளைகளுக்குப் பக்கத்தில், அரை மில்லிமீட்டர் தள்ளி, நூலில்லாத இன்னொரு வரிசைத் துளைகள் தெரிந்தால் ஜிப் ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது. திறமையான ரிப்பேர்க்காரர் பழைய துளைகளிலேயே ஊசியை இறக்கியிருப்பார். அப்போது நூலைப் பாருங்கள். முன்பக்க ஜிப்பின் நூல் பளபளப்பாக வழவழவென்று இருந்து, காலர் ஓரத்து நூல் மங்கி மெல்லிய மயிர் எழும்பி இருந்தால் ஜிப்பில் ஓடுவது பாலியஸ்டர், காலரில் ஓடுவது பருத்தி. இரண்டும் ஒரே நாளில் ஒரே மெஷினில் ஓடியவை அல்ல. ஜிப் பட்டையின் நிறமும் உதவும். எழுபது ஆண்டு வெயில் பார்த்த பருத்திப் பட்டை வெளிறியிருக்கும், ஆனால் தோலுக்கு அடியில் மறைந்த பகுதி பழைய நிறத்தில் இருக்கும். முழுப் பட்டையும் ஒரே நிறம் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஜிப் மாற்றியிருப்பது குற்றமல்ல. உழைத்த ஜாக்கெட்டுக்கு ஜிப் தேயத்தான் செய்யும். விலையில் கழியும், வயதுக் கணக்கில் அந்த ஜிப்பைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

லேபிள் சொல்வதும் சொல்லாததும்

லேபிளில் நிறுவனப் பெயரைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். எனக்கு அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

முகவரி இருந்தால் அதிர்ஷ்டம். அமெரிக்காவின் பெருநகரங்களில் 1943 முதல் ஒன்றிரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தது. 'நியூயார்க் 16, என்.ஒய்.' என்பது போல எழுதுவார்கள். 1963 ஜூலையில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு வந்தது. எனவே மண்டல எண் இருந்தால் 1943-க்கும் 63-க்கும் இடையில், ஐந்து இலக்கம் இருந்தால் 1963-க்குப் பிறகு. பழைய லேபிள் இருப்பு தீரும்வரை ஒரு நிறுவனம் ஓரிரு ஆண்டுகள் அதையே தைத்திருக்கும் என்பதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அடுத்தது ஆர்.என். எண்ணும் டபிள்யூ.பி.எல். எண்ணும். இவை அமெரிக்க அரசு ஆடை நிறுவனங்களுக்குக் கொடுத்த பதிவு எண்கள். கம்பளிப் பொருள் லேபிள் சட்டத்தின் கீழ் 1941 முதல் 1959 வரை டபிள்யூ.பி.எல். எண்கள் 00101 முதல் 13669 வரை வழங்கப்பட்டன. ஆர்.என். எண்கள் 1952 முதல் 1959 வரை 00101-லிருந்து 04086 வரை. 1959-லிருந்து ஆர்.என். 13670-ல் தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. எண்ணைக் கழித்து வகுத்து ஆண்டைச் சொல்லிவிடலாம் என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். எண் நிறுவனத்துக்குக் கொடுத்தது, ஜாக்கெட்டுக்கு அல்ல. 1960-ல் எண் வாங்கிய நிறுவனம் 1985-லும் அதே எண்ணைத்தான் அச்சிட்டிருக்கும். ஆகவே அது கீழ் எல்லையை மட்டும் தரும்.

லைனிங் துணியின் நாரும் அப்படித்தான். நைலான் 1930-களின் இறுதியில் வந்தது. ஆர்லான் என்ற அக்ரிலிக் 1950-லிருந்து, டேக்ரான் என்ற பாலியஸ்டர் அதற்குச் சற்றுப் பின்னால். கழற்றி மாட்டும் பஞ்சு போன்ற லைனிங்கில் ஆர்லான் என்று எழுதியிருந்தால் அது நாற்பதுகளுடையதாக இருக்க வழியில்லை. துணியின் நார் வகையைச் சதவீதத்தோடு குறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1960-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய லேபிள்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் மௌனம்.

நாட்டுப் பெயர்களும் தேதி சொல்லும். மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. பிரிட்டிஷ் ஹாங்காங் என்றால் 1997-க்கு முன். பிரிட்டனில் சிசி41 என்ற முத்திரை 1941 முதல் 1952 வரை நடந்த பங்கீட்டுக் காலத்துச் சிக்கன ஆடைத் திட்டத்தின் அடையாளம். ஹார்லி-டேவிட்சன் ஜாக்கெட்டில் ஏ.எம்.எஃப். என்ற எழுத்துகளும் சேர்ந்திருந்தால், அந்த நிறுவனம் ஹார்லியை வைத்திருந்த 1969–1981 காலம்.

லேபிள் மட்டும் பழசாக இருந்து பயனில்லை. பழைய லேபிளைப் பிரித்து இன்னொரு ஜாக்கெட்டில் தைப்பது சுலபம். லேபிளின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். லைனிங்கில் லேபிளைச் சுற்றி நிறம் மாறியிருக்க வேண்டும், வியர்வைக் கறை லேபிளிலும் லைனிங்கிலும் தொடர்ச்சியாக ஓட வேண்டும்.

ராணுவ ஜாக்கெட்டுகள்

இங்கேதான் பணமும் அதிகம், போலியும் அதிகம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் ஏ-2 ஜாக்கெட் 1931 மே மாதம் அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு முந்தியது 1927-ன் ஏ-1, அதில் ஜிப் கிடையாது, பட்டன்தான். ஏ-2-வின் முதுகு ஒரே துண்டுத் தோல். காலர் நுனிகள் மறைவான பிரஸ் பட்டனில் நிற்கும். தோளில் பட்டை, முன்னால் மூடியோடு இரண்டு பாக்கெட், கை நுனியிலும் இடுப்பிலும் கம்பளி ரிப், அதாவது இழுபடும் பின்னல் பட்டை. பக்கவாட்டில் கையை நுழைக்கும் பாக்கெட் கிடையாது. அப்படி ஒரு பாக்கெட் இருந்தால் அது போர்க்கால ஏ-2 அல்ல, அதோடு பேச்சு முடிந்தது. 1943-ல் தோலை நிறுத்திவிட்டுத் துணி ஜாக்கெட்டுகளுக்கு மாறினார்கள்.

ஏ-2 லேபிளில் டைப் ஏ-2, வரைபட எண் 30-1415, ஒப்பந்த எண், தைத்த நிறுவனம், ஜாக்கெட் யாருடைய சொத்து என்று சொல்லும் வாசகம் ஆகியவை இருக்கும். போர்க்கால ஒப்பந்த எண் பெரும்பாலும் டபிள்யூ535-ஏசி என்று தொடங்கி ஐந்து இலக்கத்தில் முடியும். எண் ஏற ஏற காலமும் ஏறும். எடுத்துக்காட்டாக, ரஃப் வேர் நிறுவனத்தின் டபிள்யூ535-ஏசி-27752 ஒப்பந்தம் 1942-ஐச் சேர்ந்தது. சொத்து வாசகத்தில் 'ஏர் கோர்' என்று இருப்பது முந்தியது, 'ஏர் ஃபோர்ஸ், யு.எஸ். ஆர்மி' என்று இருப்பது பிந்தியது. 1941 ஜூனில்தான் ராணுவ விமானப் படை என்ற அமைப்பு உருவானது. தனி விமானப் படை 1947-ல்.

ஏரோ லெதர், ரஃப் வேர், பெர்ரி, டுபோ, பிராங்கோ, ஸ்டார் என்று பல நிறுவனங்கள் ஒரே வரைபடத்தை வைத்துத் தைத்தன. ஆனால் ஒவ்வொருவர் கையும் வேறு. பாக்கெட் மூடியின் வளைவு, காலர் நுனியின் கூர்மை, தோள்பட்டையைத் தைத்த விதம் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். லேபிள் ஒரு நிறுவனத்தையும் பாக்கெட் மூடி இன்னொரு நிறுவனத்தையும் காட்டினால் லேபிள் வந்தேறி. நல்ல சேகரிப்பாளர்கள் லேபிளைக் கையால் மூடிக்கொண்டு, வெட்டைப் பார்த்தே தைத்தவர் யாரென்று சொல்லப் பழகுவார்கள். நீங்களும் அப்படிப் பழகுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரியவில்லை.

கடற்படையின் ஜாக்கெட் வேறு மாதிரி. 1940-ன் எம்-422ஏ-வும், பிறகு ஜி-1 என்று பெயர் பெற்றதும் பெரும்பாலும் ஆட்டுத்தோலில் தைத்தவை. காலரில் ரோமம், முதுகில் கை வீச வசதியாக இரு பக்கமும் மடிப்பு. ஐம்பதுகளில் எம்ஐஎல்-ஜே-7823 என்ற விவரக்குறிப்பு எண் லேபிளில் வந்தது. அதற்குப் பின்னால் வரும் எழுத்து அடுத்தடுத்த திருத்தத்தைக் குறிக்கும். அறுபதுகளுக்குப் பிந்திய ராணுவ லேபிளில் தேதி கண்டுபிடிப்பது மிக எளிது. டி.எஸ்.ஏ. என்ற கொள்முதல் அமைப்பு 1962 முதல் இயங்கி, 1977-ல் டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது. டி.எஸ்.ஏ.100-68-சி என்று ஒப்பந்த எண் வந்தால் நடுவில் இருக்கும் 68 நிதியாண்டு. சரக்கு எண் பதினொரு இலக்கம் என்றால் 1974-க்கு முந்திய முறை. பதின்மூன்று இலக்கம் என்றால் பிந்தியது.

1988-ல் அமெரிக்க விமானப் படை ஏ-2-வை மறுபடி வழங்கத் தொடங்கியது, ஆட்டுத்தோலில். அதன் லேபிளில் டி.எல்.ஏ. எண் இருக்கும். அதுவும் உண்மையான ராணுவ ஜாக்கெட்தான், உலகப் போர்க்காலத்தது அல்ல. விற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புவது சர்வ சாதாரணம்.

ஒரு சிறிய விலகல். ஏ-2-வில் தைத்த சின்னங்களில் எனக்கு மிகப் பிடித்தவை சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் இருந்தவர்களுடையவை. கேடய வடிவம், மேலே ஒரு பக்கம் சீனச் சூரியன், மறுபக்கம் இந்திய நட்சத்திரம், கீழே சிவப்பு வெள்ளைப் பட்டைகள். இவற்றில் பலவற்றை இந்தியத் தையல்காரர்களும் தோல் தொழிலாளர்களும் உள்ளூரிலேயே கையால் செய்து கொடுத்தார்கள். தோலை நிறம் நிறமாக வெட்டி ஒட்டித் தைத்தது, கம்பி வேலைப்பாடு போட்டது என்று ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பெயர் தெரியாத நம் ஊர்க் கைகள் அவை. அமெரிக்காவில் மெஷினில் நெய்ததைவிட இவற்றை நான் உயர்வாக மதிக்கிறேன்.

தோலைத் தெரிந்துகொள்வது

ஐம்பதுகள் வரை அமெரிக்க ஜாக்கெட்டுகளில் குதிரைத்தோல் நிறைய. வண்டிக்கும் உழவுக்கும் குதிரை இருந்தவரை அதன் தோலும் மலிவாகக் கிடைத்தது. டிராக்டரும் மோட்டாரும் வந்து குதிரை குறைய, மாட்டுத்தோல் அந்த இடத்தைப் பிடித்தது. 'ஃப்ரன்ட் குவார்ட்டர் ஹார்ஸ்ஹைட்' என்ற சொற்கள் லேபிளில் இருந்தால் குதிரையின் முன்பகுதித் தோல் என்று பொருள்.

குதிரைத்தோல் நெருக்கமான மணியோடு (மணி என்பது தோல் மேற்பரப்பின் இயற்கையான பொடி அமைப்பு), விறைப்பாக, பளபளப்பாக இருக்கும். முழங்கை மடிப்பில் ஆழமான கோடுகள் விழும். ஆட்டுத்தோலில் மணி புடைத்துப் பரல் பரப்பியது போலத் தெரியும், எடைக்கு மிஞ்சிய உறுதி உண்டு. செம்மறித்தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் எளிதில் கிழியும். சாயம் கெட்டியாகப் பூசிய தோலில் குதிரையா மாடா என்று அடித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கடினம். லேபிள் இல்லாமல் உறுதியாகச் சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். கறுப்பு ஜாக்கெட்டின் விளிம்புகளில் தேய்ந்த இடம் பழுப்பாகத் தெரிகிறதா? உள்வரை சாயமேறாமல் மேலே மட்டும் கறுப்பு பூசிய பழைய முறை அது. இன்றைய மறுதயாரிப்பாளர்களும் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சென்னை பெரியமேட்டில் தோல் கடைகளுக்குப் போய் ஆடு, செம்மறி, மாடு, எருமை என்று சின்னச் சின்னத் துண்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து எது எதுவென்று சொல்லப் பழகுங்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ டேனரியில் வேலை செய்கிற உறவினர் இருந்தால் ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். எந்தப் புத்தகமும் தராத பாடம் அது. குதிரைத்தோல் மட்டும் அங்கே கிடைக்காது.

வெட்டு, பாணி

இதைக் கடைசியில் பாருங்கள். பாணி திரும்பத் திரும்ப வரும், ஜிப்பும் லேபிளும் திரும்பி வராது. 1930-கள், 40-களில் முதுகின் இடுப்புப் பகுதியில் மட்டும் பட்டை தைத்த அரை பெல்ட் ஜாக்கெட்டுகள் அதிகம். சியர்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் பெயரில் வந்தவற்றை இந்த வகையில் நிறையப் பார்க்கலாம். சியர்ஸ், மான்ட்கோமரி வார்ட் போன்றவற்றின் பழைய விலைப்பட்டியல் புத்தகங்களில் ஆண்டுவாரியாகப் படங்கள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க அவை அருமையானவை. எழுபதுகளில் காலர் நீண்டு கூராகி அகன்றது. எண்பதுகளில் தோளில் பஞ்சு வைத்து உடம்பு தொளதொளவென்று ஆனது.

கோணலாக ஓடும் ஜிப் வைத்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டைத் தொடங்கிவைத்தது நியூயார்க்கின் ஷாட் நிறுவனம். 1913-ல் தொடங்கிய அந்த நிறுவனம் 1928-ல் பெர்ஃபெக்டோ என்ற அந்த ஜாக்கெட்டை ஐந்தரை டாலருக்கு விற்றது. டெட்ராய்ட்டின் பூகோ, 1947-ல் போர்ட்லாந்தில் தொடங்கிய லாங்லிட்ஸ், லண்டனில் 1892-லிருந்து இருக்கும் லூயிஸ் லெதர்ஸ் ஆகியவை இந்த வகையில் தேடப்படும் மற்ற பெயர்கள். ஷாட்டும் லாங்லிட்ஸும் லூயிஸும் இன்றும் தைக்கின்றன. எனவே பெயரே பழமைக்குச் சான்றாகாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்

ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் 1948 என்கிறார். முன் ஜிப் டாலன், தையலில் ஒற்றைத் துளை வரிசை, பருத்தி நூல். அதாவது தைத்தபோதே வந்தது. லேபிளில் மண்டல எண்ணோடு நியூயார்க் முகவரி, அதாவது 1943–63. லைனிங் ஓரத்தில் ஆர்.என். 14 ஆயிரத்துச் சொச்சம், அதாவது 1959-க்கு முன் சாத்தியமில்லை. இடது கை ஜிப் மட்டும் ஒய்.கே.கே., அதன் பக்கத்தில் இரட்டைத் துளை வரிசை. அது பிறகு மாற்றியது, கணக்கில் சேராது. மிஞ்சுவது 1959-க்கும் 1963-க்கும் இடையில், லேபிள் இருப்புக்காக ஓரிரு ஆண்டு கூட. 1948 என்ற பேச்சுக்கு இடமில்லை. நோட்டில் '1959–65' என்று எழுதுங்கள். ஒற்றை ஆண்டை எழுத ஆசை வரும், சான்று இல்லாமல் எழுத வேண்டாம்.

மறுதயாரிப்பும் போலியும்

ஜப்பானின் பஸ் ரிக்சன்ஸ், ரியல் மெக்காய்ஸ், பிரிட்டனின் ஈஸ்ட்மேன், ஸ்காட்லாந்தின் ஏரோ லெதர் (போர்க்கால அமெரிக்க நிறுவனம் வேறு) ஆகியோர் பழைய ஜாக்கெட்டை ஒவ்வொரு தையலாக அளந்து மறுபடி செய்கிறார்கள். போர்க்கால லேபிளையும் அச்சு அசலாக நெய்கிறார்கள். அவர்கள் வேலையில் எனக்கு மிகுந்த மரியாதை. சிக்கல் இரண்டாவது, மூன்றாவது கையில் வருகிறது. உள்ளே இருக்கும் தயாரிப்பாளரின் சொந்த லேபிளை யாரோ வெட்டிவிட்டு, தோலைத் தேய்த்துப் பழசாக்கி, 1942 என்று விற்கிறார்கள். பாக்கெட்டுக்குள்ளும் லைனிங் தையலிலும் வெட்டிய நூல் நுனிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். உண்மையான தேய்மானம் உடம்பின் அசைவைப் பின்பற்றும். காலரின் பின்மடிப்பு, கை நுனி, பாக்கெட் வாய், ஸ்டீயரிங் பிடிப்பவரின் முழங்கை என்று குறிப்பிட்ட இடங்களில் கூடும். எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

யூ.வி. டார்ச்சை இருட்டறையில் நூல்மீதும் சின்னங்கள்மீதும் அடியுங்கள். பிரகாசமாக நீலமாக ஒளிர்ந்தால் நவீன வெளுப்பூட்டி கலந்த நூல் என்று சந்தேகிக்கலாம். ஆனால் பழைய சின்னத்தை இன்றைய சலவைத் தூளில் துவைத்தாலும் ஒளிரும். இந்தச் சோதனை எச்சரிக்கை மணி மட்டுமே.

முதுகில் ஓவியம் வரைந்த ஏ-2-வை உங்கள் முதல் ஜாக்கெட்டாக வாங்காதீர்கள். வெறும் ஜாக்கெட்டைவிடப் பல மடங்கு விலை என்பதால் உண்மையான பழைய ஜாக்கெட்டில் புதிதாக வரைவது நடக்கிறது. அசல் ஓவியத்தில் பெயின்ட் விரிசலும் தோலின் விரிசலும் சேர்ந்தே ஓடும். தோலில் ஏற்கெனவே இருந்த விரிசலுக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால் ஓவியம் விரிசலுக்குப் பிறகு வந்தது.

வாங்கும்போது

இணையத்தில் வாங்குவதென்றால் அக்குள், காலர் மடிப்பு, ஜிப் அடிப்பெட்டி, லேபிளின் நான்கு ஓரம் ஆகியவற்றின் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். நேரில் என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை போவது கடினம். பிறகு தையலோரத்தை இரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். காகிதம் போல முறியும் தோலை எந்த எண்ணெயும் மீட்காது. கையில் செம்பொடி ஒட்டினால் தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதையும் தவிருங்கள். கிழிந்த லைனிங், இற்றுப்போன ரிப், தொலைந்த இழுப்பான் இவை சரிசெய்யக் கூடியவை. தோல் போனால் எல்லாம் போச்சு.

வீட்டில் வைத்துக் காப்பது

வாங்கியதும் எண்ணெய் தடவும் ஆசையை அடக்குங்கள். அதிக எண்ணெய் தையல் நூலை இற்றுப்போக வைக்கும், தோலைத் தளர்த்தும், லைனிங்கில் கறையாக இறங்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து, நிழலில் உலரவிடுவது போதும். வறண்டிருந்தால் கண்டிஷனரை மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லிய பூச்சாக ஒருமுறை. மறுசாயம் ஒருபோதும் வேண்டாம், அதோடு தடயமெல்லாம் அழிந்துவிடும். லைனிங்கில் மையால் எழுதிய பழைய பெயரையும் அழிக்காதீர்கள். அது ஜாக்கெட்டின் வரலாறு.

நம் கடலோர ஊர்களில் முதல் எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிய பீரோவுக்குள் இரண்டு வாரத்தில் வெள்ளை படிந்துவிடும். காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைக்கப் பாருங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் வாங்கி வைப்பது செலவு குறைந்த வழி. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள். அகலமான தோள் கொண்ட ஹேங்கரில் மாட்டி, பழைய வேட்டித் துணியால் மூடுங்கள். கனமான ஜாக்கெட் என்றால் தட்டையாகக் கிடத்துங்கள்.

கம்பளி ரிப்பும் ரோமக் காலரும் பூச்சிக்கு விருந்து. புதிதாக வரும் ஜாக்கெட்டை மற்றவற்றோடு சேர்க்கும் முன் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த தோல்மீது நீர் கோத்துவிடும். இறுகிய ஜிப்புக்குத் தேன்மெழுகைப் பல்லில் தேய்த்து மெதுவாக ஓட்டுங்கள், ரன்னரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ரிப்பையோ ஜிப்பையோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய துளைகளிலேயே ஊசி இறங்க வேண்டும் என்று தைப்பவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். கழற்றிய துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு ஜாக்கெட்டோடு வையுங்கள். எந்த உறுப்பை எந்த மாதம் மாற்றினீர்கள், வாங்கியபோது என்ன இருந்தது, எந்தச் சான்றை வைத்து எந்த ஆண்டு வரம்புக்கு வந்தீர்கள் என்று ஒரு பருத்தி நாடாச் சீட்டில் எழுதிப் பையில் கட்டுங்கள். மை தோலில் இறங்கும் என்பதால் பென்சிலில் எழுதுங்கள்.